தவிட்டில் இருந்த ஞாபகம்

நெல் அவிக்கிற களத்தில் ஒரு காலை நேரம் நின்றவர்களுக்கு அந்த வாடை தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் துணியை விட்டுப் போகாது. தொட்டியில் ஊறிக் கிடந்த நெல்லைக் கொப்பரையில் ஏற்றி ஆவி விடுவார்கள். உமி வாய் பிளந்ததும் இறக்கிக் களத்தில் கொட்டுவார்கள். பெண்கள் காலாலேயே கோடு கோடாகத் துழாவிக் காயவைப்பார்கள். பதம் பார்க்கிறவர் நாலு நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அரிசியைப் பல்லில் கடிப்பார். நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் வேக்காடு போதவில்லை. தாராசுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தஞ்சை வட்டாரம் முழுவதிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வேலை இது. இன்று பெரும்பாலும் நவீன ஆலைகளின் சுவருக்குள் போய்விட்டது.

இந்தக் களத்துக்கும் மனித ஞாபகத்துக்கும் உள்ள உறவு நேரடியானது. அதைச் சொல்ல, மூளையின் அடிப்பக்கத்தில் பட்டாணி அளவில் இரட்டையாகத் தொங்கும் ஓர் உறுப்பிலிருந்து தொடங்க வேண்டும். மாமில்லரி முண்டுகள் என்று அதற்குப் பெயர். ஞாபகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஹிப்போகாம்பஸில் தொடங்குவார்கள், உணர்ச்சியைப் பற்றி என்றால் அமிக்டலாவில். இரண்டும் புகழ்பெற்றவை. மாமில்லரி முண்டுகளை மருத்துவ மாணவர்கள்கூடப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். ஆனால் பசியில் முதலில் சாகிற இடங்களில் அது ஒன்று.

1937-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த ஜேம்ஸ் பேப்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். உணர்ச்சி மூளைக்குள் எங்கே உருவாகிறது என்பது அவர் கேள்வி. அவர் வரைந்த பாதை இது: ஹிப்போகாம்பஸிலிருந்து வில்லாக வளைந்து வரும் ஒரு நரம்புக்கற்றை மாமில்லரி முண்டுகளில் முடிகிறது, அங்கிருந்து இன்னொரு கற்றை தலாமஸின் முன்பகுதிக்கு ஏறுகிறது, அங்கிருந்து மூளையின் நடுமடிப்பில் உள்ள சிங்குலேட் பட்டைக்கு, அது சுற்றி வந்து மறுபடி ஹிப்போகாம்பஸுக்கு. இந்த வட்டம்தான் உணர்ச்சியின் இருப்பிடம் என்றார் அவர். வெறிநாய்க்கடி நோயையும் சாட்சிக்கு அழைத்தார். அந்த வைரஸ் விட்டுச்செல்லும் தடயங்கள் ஹிப்போகாம்பஸில் அடர்ந்து தெரியும். நோயாளியோ கடும் பயத்திலும் கொந்தளிப்பிலும் துடிப்பார். ஆகவே இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் கணக்கு.

கணக்கு பாதிதான் சரி. 1953-இல் வலிப்பு நோய்க்காக இருபக்க ஹிப்போகாம்பஸும் அகற்றப்பட்ட ஓர் அமெரிக்க இளைஞர், அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவராக ஆனார். மருத்துவ இலக்கியத்தில் எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாக 2008 வரை வாழ்ந்தார். பேப்ஸ் வரைந்த வட்டத்தின் முதன்மையான வேலை ஞாபகம் என்பது அவரிடமிருந்தும் அவரைப் போன்றவர்களிடமிருந்தும்தான் தெரியவந்தது. உணர்ச்சிக்கு, குறிப்பாகப் பயத்துக்கு, அமிக்டலா என்று வேறோர் இடம் உண்டு. ஆயினும் பேப்ஸை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அந்த வட்டத்தில் அடிபட்டவர்கள் ஞாபகத்தோடு ஆர்வத்தையும் துக்கத்தையும்கூட இழந்து மந்தமாகிறார்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் சிறு சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பேப்ஸ் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார், பின்னால் வந்தவர்கள் மறுபக்கத்தை மறைத்தார்கள்.

இந்த வட்டம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை பேப்ஸுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இருவர் தனித்தனியாக எழுதிவைத்திருந்தார்கள். 1881-இல் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண்விழிகள் சரியாக அசையவில்லை, நடை தள்ளாடியது, புத்தி குழம்பியது, சில நாட்களில் மூவரும் இறந்தார்கள். இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர் கந்தக அமிலத்தை விழுங்கிவிட்டு, அதன்பின் எதைச் சாப்பிட்டாலும் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த ஒரு தையல்காரப் பெண். அடுத்த சில ஆண்டுகளில் மாஸ்கோவில் செர்கெய் கோர்சகாஃப் வேறொரு கூட்டத்தைக் கவனித்தார். இவர்கள் சாகவில்லை. தெளிவாகப் பேசுவார்கள், சீட்டாடுவார்கள், பழைய கதைகள் சொல்வார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்பு யார் வந்து போனார் என்பது மட்டும் தெரியாது.

தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். அந்த நோயின் விசித்திரமே அதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மாதமாகக் கிடப்பவரிடம் "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "மாயவரம் வரைக்கும் ஒரு வேலையாப் போயிருந்தேன், வர்ற வழியில ரெண்டு இட்லி" என்று சாவகாசமாகப் பதில் வரும். பொய் சொல்லும் முகமாக இருக்காது. அவர் வரையில் அது நடந்தது. ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை மூளை கிடைத்த துண்டுகளைக் கொண்டு ஒட்டுப்போடுகிறது. வீட்டார் முதலில் இதைத் திருட்டுத்தனம் என்று எடுத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அதில் தப்பும் இல்லை. குடிப்பவர் வீட்டில் பொய் புதிதா என்ன?

வெர்னிக்கேயின் தையல்காரப் பெண் குடிகாரி இல்லை என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாராயத்தின் விஷம்தான் மூளையைக் கெடுக்கிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். உண்மைக் காரணத்துக்கான தடம் மூளை மருத்துவர்களிடம் இருக்கவில்லை. அது அரிசி மூட்டைகளில் இருந்தது. அதில் தமிழ்க் கூலிகள் முக்கியமான சாட்சிகள்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சாலை வேலைக்கும் போனவர்களில் காவிரிப் படுகைக்காரர்கள் ஏராளம். போன இடத்திலும் சோறு மாறவில்லை. இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியையே உண்டார்கள். பக்கத்துக் கொட்டகையில் இருந்த சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசியை உண்டார்கள். கால் மரத்து, நடை விழுந்து, நெஞ்சு வீங்கிச் சாகும் பெரிபெரி நோய் சீனர்களை வாரிக்கொண்டு போனது, தமிழர்களை அனேகமாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய லியோனார்ட் பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் கவனித்து 1907-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நச்சு உண்டாகிறது என்பது அவர் எண்ணம். அரிசியைப் பிடித்தது சரி, நச்சு என்றது பிழை.

அதைச் சோதித்துப் பார்த்த இடம் ஒரு மனநோய் மருத்துவமனை என்பது இந்தக் கதையின் விநோதங்களில் ஒன்று. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை மறு கட்டடத்துக்கு. ஒரு பக்கம் வெள்ளை அரிசி, மறுபக்கம் புழுங்கல். ஓராண்டு ஓடியது. கட்டடத்தில் குற்றமா என்று பார்க்க நடுவில் இரு கூட்டத்தையும் இடம் மாற்றியும் வைத்தார். வெள்ளை அரிசிப் பக்கம் பெரிபெரியில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் அந்த நோயில் ஒருவரும் இறக்கவில்லை. இன்றைய ஒழுங்குமுறைப்படி இந்தச் சோதனைக்கு எந்தக் குழுவும் அனுமதி தராது. தங்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்கக்கூட வழியில்லாதவர்கள் அந்த 18 பேர்.

தவிட்டில் இருந்த பொருளைத் தேடும் வேலை பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1926-இல் யான்சனும் டொனாத்தும் பத்தாவியாவில் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதன் கட்டமைப்பைக் கண்டு செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் அமெரிக்கர், ஆனால் பிறந்தது 1886-இல், சென்னை மாகாணத்து நெல்லூரில், மிஷனரித் தம்பதியின் மகனாக. மணிலாவில் இளம் வேதியியலராக இருந்தபோது பெரிபெரியில் மூச்சுத் திணறும் கைக்குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாறு கொடுத்ததும் அவர்கள் பிழைத்தெழுந்ததைக் கண்டவர், அந்தச் சாற்றை விடவே இல்லை. அவர் தந்த பெயர்தான் தயமின், நாம் வைட்டமின் பி1 என்பது.

குளுக்கோஸை எரித்து ஆற்றலாக்கும் நொதிகள் சில தயமின் இல்லாமல் வேலை செய்யாது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அதிலும் மாமில்லரி முண்டுகளும் தலாமஸின் உட்பகுதிகளும் தயமின் குறைந்தால் முதலில் வாடுகிறவை. உடலின் மொத்தக் கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம். ஒரு நாள் தேவை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் களஞ்சியம் காலி.

தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதே நெல்லை அவித்துத் தீட்டினால் 0.21. காரணம் எளிது. தயமின் தண்ணீரில் கரையும். அது தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் தங்கியிருக்கிறது. நெல் ஊறும்போது கரைந்து அரிசியின் உள்ளே நகர்கிறது. ஆவியில் மாவுச்சத்து இளகி இறுகும்போது அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. பிறகு ஆலையில் தவிட்டை உரித்தாலும் பாதிக்கு மேல் உள்ளே மிஞ்சும். களத்தில் கடித்துப் பார்க்கிறவர் தேடும் வெள்ளை நீங்கிய பதம், தயமின் உள்ளே பூட்டப்பட்டுவிட்டதன் அடையாளமும்கூட.

முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று இந்த இடத்தில் யாராவது புறப்படக்கூடும். அவித்தால் அரிசி உடையாது, குருணை குறையும், புழு எளிதில் விழாது, உமி சுலபமாக நீங்கும். குடியானவர்கள் அவித்தது இதற்காக. ஞாபகத்தைக் காப்பாற்றியது தற்செயல். அந்தஸ்து என்று பார்த்தால் புழுங்கலுக்கு எப்போதும் கீழிடம்தான்: சாமிக்குப் பச்சரிசி, விசேஷத்துக்குப் பச்சரிசி, ஐயர் வீட்டிலும் பச்சரிசி. பருப்பும் தயிரும் கறிகாயும் கூடச் சேர்ந்ததால் அந்த வீடுகள் தப்பின. அரிசி மட்டுமே சோறான ஏழைக்குத்தான் எந்த அரிசி என்பது உயிர்க்கேள்வி.

இதற்குக் குன்னூரில் ஆதாரம் சேர்ந்தது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் இருந்து ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரியை ஆராய்ந்தார். பேப்ஸ் சாட்சிக்கு அழைத்த நோயும், பேப்ஸின் வட்டத்தை அறுக்கும் குறைபாடும் ஒரே வளாகத்தில் ஆராயப்பட்டிருக்கின்றன. மாகாணத்துப் பெரிபெரி பெரும்பாலும் வடசர்க்கார் மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசி உண்ட தெலுங்குக் கடலோரத்தில் இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் தப்பின. மெக்காரிசனுக்குத் தென்னாட்டுச் சாப்பாட்டின் மேல் மரியாதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சீக்கியர் உணவு உண்டவை முதலிடம். மதராசி உணவு உண்டவை கடைசி.

தயமின் குறைவு காலை மட்டுமல்ல, ஞாபகத்தையும் தின்னும் என்று நிரூபித்தவை போர்க்கைதி முகாம்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. சாங்கி முகாமில் அடைபட்டவர்களுக்குத் தீட்டிய வெள்ளை அரிசிதான் பிரதான உணவு. சுமார் ஆறு வாரத்தில் சிலருக்கு விழி ஆடத் தொடங்கியது, வாந்தி நிற்கவில்லை, நேற்று நடந்தது மறந்தது. குடிக்க அங்கே சொட்டுச் சாராயம் கிடையாது. கைதிகளாகவே இருந்த மருத்துவர்கள் ஹியூ டி வார்டனரும் பெர்னார்ட் லெனாக்ஸும், கையில் இருந்த சொற்பத் தயமினை ஊசியாகப் போட்டுப் பலரை மீட்டார்கள். இறந்தவர்களின் மூளையைத் திறந்தும் பார்த்தார்கள். குறிப்புகளைத் தகரத்தில் அடைத்துப் புதைத்துவைத்து, போர் முடிந்தபின் தோண்டியெடுத்து, 52 பேரைப் பற்றிய அறிக்கையாக 1947-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். வெர்னிக்கேயின் தையல்காரப் பெண்ணுக்கு அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து விளக்கம் கிடைத்தது.

ஞாபகம் போனபின் உணர்ச்சி என்ன ஆகிறது? இதற்கு ஜெனீவா மருத்துவர் எடுவார்ட் கிளாபரேட் 1911-இல் பதிவுசெய்த ஒரு சின்னக் குறும்பே இன்னும் நல்ல பதில். கோர்சகாஃப் நோயுள்ள 47 வயதுப் பெண் ஒருவர் தினமும் தன்னைப் பார்க்க வரும் அவரை யாரென்று அறியமாட்டார். ஒரு நாள் கிளாபரேட் விரலிடுக்கில் ஊசியை மறைத்துக்கொண்டு அவருடன் கைகுலுக்கினார். குத்திய வலியைச் சில நிமிடங்களில் அந்தப் பெண் மறந்துவிட்டார். அடுத்த முறை கை நீட்டியபோது மட்டும் தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, சிலர் கையில் ஊசியை ஒளித்துவைத்திருப்பார்கள் என்ற மாதிரி ஏதோ சொன்னார். ஊசி குத்திய சம்பவம் அவரிடம் இல்லை, அச்சம் இருந்தது. அமிக்டலா தன் கணக்கைத் தனியாக எழுதுகிறது. 1995-இல் அமெரிக்காவில் பெச்சாராவும் உடனிருந்தவர்களும் இதன் மறுபக்கத்தையும் காட்டினார்கள்: அமிக்டலா அழிந்தவர் எந்த நிறத்துக்குப் பின் அதிரடிச் சத்தம் வந்தது என்று துல்லியமாகச் சொன்னார், ஆனால் அவர் உடலில் பயத்தின் அறிகுறி எதுவும் எழவில்லை. ஹிப்போகாம்பஸ் அழிந்தவருக்கு நிறத்தைக் கண்டதும் உள்ளங்கை வியர்த்தது, காரணம் தெரியவில்லை.

இதற்கு நேரெதிரான துன்பமும் இந்த வட்டாரம் அறிந்ததே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள்; அதே டிசம்பரில் நாகைக் கரையில் சுனாமி. அங்கே மறதி கிடைக்காததுதான் நோய். பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் 2002-இலும் 2004-இலும் எலிகளில் கண்டது இதைப் புரிந்துகொள்ள உதவும். பத்து நாள் தொடர்ந்த நெருக்கடியில் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவில் கிளைகள் தழைத்தன. நெருக்கடி நீங்கி மூன்று வாரம் ஓய்வு கொடுத்தபின் ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலா திரும்பவில்லை.

இன்று பெரிபெரியைப் பார்த்த மருத்துவர்கள் டெல்டாவில் அரிது. கோர்சகாஃப் நோயாளியைப் பார்க்க அரிசி மூட்டை வரை போக வேண்டாம், டாஸ்மாக் வாசல் போதும். 1983-இல் மதுவின் மொத்த வியாபாரத்துக்கு அரசு தொடங்கிய அந்தக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. மது குடலில் தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, கல்லீரல் சேமிப்பதைக் குறைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடிப்பவர் சாப்பிடுவதில்லை. ஒரு மிக்சர் பொட்டலத்தோடு இரவு முடியும் வீடுகளில், தாத்தா காலத்துப் புழுங்கல் சோறு தந்த காப்பு தானாகவே விலகிவிடுகிறது. "குடிச்சுக் குடிச்சே மூளை கெட்டுப்போச்சு" என்று தெருவே சொல்லும். மூளை பட்டினி கிடந்தது என்று யாரும் சொல்வதில்லை. (வெற்றிலைச் சீமையில் இதையும் சொல்ல வேண்டும்: பாக்கிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தயமினைச் செயலிழக்கச் செய்யும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அதனால் ஆபத்தில்லை.)

குடிகாரர்களோடு நிற்கிற விஷயமும் இல்லை. மசக்கையில் வாரக்கணக்கில் வாந்தியெடுக்கும் பெண், எடை குறைக்க இரைப்பையை வெட்டிக்கொண்டவர், நாள்பட்ட வயிற்றுநோய்க்காரர் எல்லோரும் அந்தத் தையல்காரப் பெண்ணின் வழியில்தான் வருகிறார்கள். துவண்டு வருபவரைக் கொண்டுபோனதும் நம் ஊரில் முதலில் கேட்பது, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க." தயமின் தீர்ந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் பாய்ந்தால், அதை எரிக்க மிச்சமிருந்த கொஞ்சமும் செலவாகி, வெர்னிக்கே நிலை சில மணி நேரத்தில் வெடிக்கலாம். தயமின் ஊசி முதலில் அல்லது கூடவே என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விதி. மலிவான மருந்து அது. கண் அசைவு மணிக்கணக்கில் திரும்பும், நடை சில வாரத்தில். ஞாபகத்துக்கு அந்த உறுதி இல்லை: கோர்சகாஃப் நிலைக்குப் போய்விட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரே முழுதாக மீள்கிறார். மாமில்லரி முண்டுகள் சுருங்கியிருந்தும் ஞாபகம் தப்பியவர்கள் உண்டு. தலாமஸின் முன்பகுதி நரம்பணுக்கள் அழிந்தால்தான் ஞாபகம் நிரந்தரமாகப் போகிறது என்று சிட்னி ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். இரண்டும் அதே வட்டத்தின் அடுத்தடுத்த நிலையங்கள்.

தமிழகத்தின் நியாயவிலைக் கடைகளில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பச்சரிசி, புழுங்கல் இரண்டும். அண்மை ஆண்டுகளில் அதில் செறிவூட்டிய மணிகளும் கலந்து வந்தன. இந்திய விதிப்படி அவற்றில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டியவை இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம். தயமின் விருப்பப் பட்டியலில் இருக்கிறது. ஆலைக்காரர் சேர்க்கலாம், விடலாம். வெளிக்கடையில் மூட்டை வாங்குகிறவர்களோ சோறு வெள்ளையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பதம் பார்க்கிறவர் தள்ளிவிட்ட வெள்ளைக்குத்தான் இன்று கிலோவுக்குக் கூடுதல் விலை.